தோளில் வந்த ஆர்கிட் சட்டி

நான் வேலை பார்த்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இப்போது மின்சாரச் சூளை வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் உள்ளே எவ்வளவு சூடு என்று எண்ணாகவே எழுதிக் காட்டுகிறதாம். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓவிய ஆசிரியை போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது அதன் படத்தைப் போனில் காட்டினாள். ஃபிரிட்ஜின் தம்பி மாதிரி இருந்தது. நல்லதுதான். நாங்கள் தின்ற புகையை இந்தப் பிள்ளைகளும் தின்ன வேண்டும் என்று யார் அழுதார்கள்?

ஆனால் அவள் வந்த காரியம் வேறு. களிமண் வகுப்பால் மகளின் யூனிஃபார்மும் கெடுகிறது, படிப்பும் கெடுகிறது என்று ஒரு தகப்பனார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "ஞான் கரஞ்ஞுபோயி டீச்சரே" என்றாள். அழுதே விட்டாளாம். "உங்கள் காலத்திலும் இப்படியெல்லாம் உண்டா?" என்று கேட்டாள்.

உண்டாவாவது! எங்கள் காலத்தில் ஒரு பெரியவர், மாணவி செய்த சட்டி ஒன்றுக்காக அவள் படிப்பையே நிறுத்தக் கிளம்பி வந்தார். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். சொன்ன பிறகு, எழுதியும் வைக்கலாமே என்று தோன்றியது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எனக்குப் பாறசாலைப் பக்கம். அப்பா சபையில் உபதேசியார். பெண் படம் வரையப் படிக்கப் போகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அப்பா மட்டும், "கர்த்தரே களிமண்ணுலதான ஆரம்பிச்சாரு, போகட்டு" என்றார். திருவனந்தபுரத்தில் தங்கி வரையப் படித்தேன், பிறகு மண் வேலையும் கற்றேன். அறுபதுகளின் கடைசியில் கிழக்கேகோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஞானம் டீச்சர் என்பார்கள்.

ஓவியப் பீரியட் என்பது ஊர்ப் பொதுக்கிணறு. கணக்கு டீச்சர் வந்து ஒரு வாளி இறைப்பாள், சயன்ஸ் டீச்சர் வந்து ஒரு வாளி இறைப்பாள், பரீட்சை வந்தால் எனக்கு அடியில் சேறுதான் மிஞ்சும். சேறுதான் மிச்சம் என்றால் அதை வைத்தே பிழைத்துக்கொள்கிறேன் என்று ஒருநாள் தலைமையாசிரியையிடம் கோபமாகச் சொன்னேன். அப்படித்தான் எங்கள் பள்ளியில் மண் வகுப்பு வந்தது.

தலைமையாசிரியை பங்கஜாக்ஷியம்மா. மலையாளிதான் என்றாலும் கோட்டைக்குள் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார். மலையாளத்தின் ராகம் மட்டும் கூடவே வரும். ஒருபோதும் குரலை உயர்த்த மாட்டார். நாம் குதித்துக்கொண்டு போனால் ஒரே ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுப் பூவாளியை எடுத்துக்கொண்டு வராந்தாவில் தொங்கும் ஆர்கிட் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் நமக்கே பதில் தெரிந்திருக்கும். அன்று என்னைக் கேட்ட கேள்வி: "ஞானத்துக்கு சூளை கட்டத் தெரியுமோ?" தெரியாது. அவர் தண்ணீர் விட்டு முடிப்பதற்குள், கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

பள்ளிக்குப் பின்னால் பலாமரத்தைத் தள்ளி, செங்கல்லில் இடுப்பளவு சூளை எழும்பியது. மண் வகுப்பில் எனக்கு இரண்டே சட்டங்கள். ஒன்று, காயாத மண்ணை நெருப்புக்குக் கொடுக்கக் கூடாது. காய்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே ஈரம் பதுங்கியிருக்கும். சூடேறியதும் அது ஆவியாகி வெடித்துப் பக்கத்துச் சட்டியையும் சேர்த்து உடைக்கும். அதனால் ஒவ்வொரு சட்டியையும் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் வரிசையாகச் சட்டியைக் கன்னத்தில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

இரண்டாவது, அவசரப்படக் கூடாது. முதலில் தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் போட்டுச் சின்னத் தீ. சூளையின் மேல் துவாரத்தில் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டுவேன். அதில் வியர்த்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். வியர்ப்பது நின்ற பிறகுதான் விறகு. உள்ளே சட்டிகள் மங்கிய சிவப்பாகி, பிறகு பழுத்த பாக்கின் நிறத்துக்கு வரும்போது தீயை நிறுத்தி வாயை அடைத்துவிட வேண்டும். தானாக ஆறும்வரை தொடக் கூடாது. அந்த நேரத்தில் பங்கஜாக்ஷியம்மா நாற்காலியைக் கொண்டுவந்து சூளைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார். பெண்கள் "திறக்கட்டே டீச்சர்?" என்று கெஞ்சினால், "பிரசவத்துல குட்டியை இழுத்து எடுப்பாளோ?" என்பார். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும்.

அவருடைய தம்பி பொன்முடியில் எஸ்டேட்டில் இருந்தார். மரத்தில் ஒட்டி வளரும் ஆர்கிட் செடிகளை அவ்வப்போது அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். ஆர்கிட் வேருக்குக் காற்று வேண்டும், தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அதனால் அதன் சட்டிக்குப் பக்கவாட்டில் ஓட்டை வேண்டும். கயிறு கட்டித் தொங்கவிடக் கழுத்தும் வேண்டும். கழுத்தும் உருண்ட வயிறும் வயிற்றில் ஓட்டைகளுமாக ஒரு வடிவத்தைப் பங்கஜாக்ஷியம்மாவே தாளில் வரைந்து தந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பாடமே அதுவாகிவிட்டது. மண்ணைத் திரிகளாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டி உருட்ட வேண்டும். கையில் எடுத்தால் நசுங்காது, ஆனால் நகம் பட்டால் பதியும் என்கிற பதம் வரும்போது, பழைய குடையின் குழாய்க்கம்பியால் திருகி மூன்று ஓட்டை போட வேண்டும். முதல் சட்டி பள்ளிக்கு, இரண்டாவது அவரவர் வீட்டுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பங்கஜாக்ஷியம்மா அதை மாற்றினார். "முதல்ல செய்தது வீட்டுக்குப் போகட்டே. அம்மையும் அச்சனும் காணட்டே" என்றார்.

கோமதி அதற்கு அடுத்த வருடத்துப் பத்தாம் வகுப்பு. கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பெண். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. அவளுடைய அப்பாவுக்கு முந்தின வருடம் வாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. ஒரே பெண். கல்யாணச் சமையலுக்கு ஆள் கூட்டிப் போகும் பெரியப்பா மகாதேவய்யர்தான் இரண்டு குடும்பத்தையும் தாங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அன்று மண் வகுப்பில் நடந்ததை அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து ஒப்பிப்பாளாம். "இன்னிக்கு கழுத்து வெச்சோம்னு சொன்னேன் டீச்சர். அப்பா இடது கையாலே தன்னோட கழுத்தைத் தொட்டுக் காமிச்சார்" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

சூளை திறந்த அன்று அவளுடைய சட்டி ஒரு விரிசல்கூட இல்லாமல் வந்தது. ஒரு பக்கம் புகை தீட்டிக் கறுத்திருந்தது. விரலால் சுண்டினால் மணி மாதிரி பேசியது. ஐப்பசி மாதம், மத்தியானத்துக்கு மேல் இடி முழங்கி மழை பிடித்துக்கொண்டது. "விட்டதும் போயேண்டி" என்றேன். எங்கே கேட்டாள்? ஒரு கையில் குடை, குடைக்குள் நெஞ்சோடு அணைத்த புத்தகங்கள், இடது தோளில் சட்டி என்று ஓட்டமாக ஓடிவிட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. பெரியப்பா வந்தார்.

முதல் மணி அடித்த நேரம். பங்கஜாக்ஷியம்மா வராந்தாவில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். முந்தின வருடப் பிள்ளைகள் செய்த, வரிசையாகத் தொங்கிய சட்டிகளின் வயிற்றிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வேகமாகப் படியேறி வந்த மகாதேவய்யர் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றார். "சிவ சிவா! இங்கே இத்தனை தொங்கறதா?" என்று இரண்டு படி கீழே இறங்கிவிட்டார்.

பங்கஜாக்ஷியம்மா பூவாளியைக் கீழே வைத்தார். "அய்யரே, உள்ளே வந்து இரிக்கணும். முதல்ல கொஞ்சம் வெள்ளம் குடிக்கணும்."

"ஜலமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எங்காத்துக் குட்டி படிச்சது மதி, போறும். டி.சி.யைத் தாங்கோ." அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். "நீங்கதானே மண்ணுவேலை டீச்சர்? உங்களுக்கு என்ன செஞ்சோம் நாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "என்ன நடந்ததுன்னு சொல்லுங்க அய்யரே" என்றேன்.

"என் தம்பி படுத்த படுக்கையாக் கெடக்கான். வைத்தியர் பார்த்துட்டு வாசல்ல நின்னு எங்கிட்டே பேசிண்டிருக்கார். அந்த நேரம் பார்த்து இவ வரா. இடது தோள்ல குடம். குடையோட தண்ணியெல்லாம் அதுக்குள்ளே ரொம்பி, மூணு ஓட்டை வழியாவும் கொட்டறது. இதை எங்கே பார்ப்பா தெரியுமோ? சுடுகாட்டிலேயாக்கும்!"

எனக்குப் புரியவில்லை. நான் வேதக்காரி; எங்களுக்கு அடக்கம்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். பிள்ளை, தகப்பனின் சிதையைச் சுற்றி வரும்போது தோளில் நீர்க்குடம் சுமப்பான். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓர் ஓட்டை போடுவார்கள். மூன்று சுற்று, மூன்று ஓட்டை. முடிவில் குடத்தை முதுகுக்குப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும்.

"நான் 'அடியே'ன்னு கத்தினேன். அவ நடுங்கிப் போய் குடத்தைப் பின்னாடி போட்டு உடைச்சா. திரும்பிப் பார்க்காம உள்ளே ஓடினா. ஒரு குறை வைக்கலையே! சாஸ்திரிகள் கூட நின்னு சொல்லிக் கொடுத்தாலும் இத்தனை சரியா வராது. உசிரோட இருக்கிறவனுக்கு, அவன் வாசல்லயே!" குரல் உடைந்துவிட்டது. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். தம்பி போய்விடுவானோ என்ற பயம்.

கோமதிக்கு இது தெரியாதா என்று கேட்கத் தோன்றும். எப்படித் தெரியும்? அவர்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அந்தக் குடத்தை அவள் கண்ணாலேயே கண்டதில்லை. அவளுடைய அம்மாவும் கண்டதில்லை. தெரிந்தவர்கள் எல்லாம் ஆண்கள்; செய்தவர்கள் எல்லாம் பெண்கள்.

பங்கஜாக்ஷியம்மா தொங்கும் சட்டி ஒன்றைக் கையால் திருப்பி அதன் ஓட்டைகளைப் பார்த்தார். "எங்க தறவாட்டு வீட்டிலே ஆராவது மரிச்சால் தெக்கே தோட்டத்தில்தான் எரிப்பாங்க. சின்ன வயசிலே ஜன்னல் வழி ஞான் கண்டிட்டுண்டு" என்று மெதுவாகச் சொன்னார். "ஆனாலும் என்டெ சட்டியிலே அதைக் கண்டதில்லை, அய்யரே. வரைந்து கொடுத்தது ஞான். குட்டிமேல ஒரு தெற்றும் இல்லை. டீச்சர்மேலயும் இல்லை."

"யார் தப்பானாலும் சரி. டி.சி.யைத் தாங்கோ."

"தராம். அப்பாவோட ஒப்பு வேணும்."

"அவனுக்குக் கை வராதே."

"இடது கைப் பெருவிரல் மதி. நாங்களே டி.சி. கடலாசோட வர்றோம். இப்போவே."

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான். இப்போது நின்றால் அந்தப் பெண் திரும்பி வரப்போவதில்லை. பாலக்காட்டில் ஒரு வரன் பார்த்து வைத்திருப்பதாக அவரே வழியில் சொன்னார். பங்கஜாக்ஷியம்மா டி.சி. காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டபோது, "ஒரு திட்டமும் இல்லை ஞானம், கொஞ்சம் சமயம் கிட்டுமேன்னு நினைச்சேன்" என்றார்.

அக்ரகாரத்து வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். நான் ரேழியிலேயே நின்றுகொண்டேன். கோமதியின் அம்மா வந்து, "அங்கே ஏன் நிக்கறேள், உள்ளே வாங்கோ டீச்சர்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூடத்தில் கட்டிலில் அப்பா சுப்பராமன். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் தெளிவு. தூணுக்குப் பின்னால் கோமதி, அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன்கிட்டே ஒண்ணும் சொல்லலை. நீங்களும் சொல்லப்படாது" என்று மகாதேவய்யர் எங்களிடம் கிசுகிசுத்தார். வாசலில் கூச்சல் கேட்டது, மகள் அழுதாள், இன்று பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஆனால் அந்த மனிதரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தூண் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சொல்லும் மென்று மென்று வந்தது. "கோமு... சட்டி... வெந்துதோ?"

கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெடிச்சுடுத்தா? போனாப் போறது... அழாதே."

அதுவரை சுவரோடு சுவராக நின்ற கோமதியின் அம்மா கட்டிலுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "வெடிக்கலை. நன்னா வெந்துது. தோள்ல வெச்சுண்டு வந்தா. மழை ஜலம் ரொம்பி ஓட்டை வழியாக் கொட்டித்து. அண்ணா பார்த்துக் கத்தினார். பயந்து பின்னாடி போட்டு உடைச்சுட்டா."

"என்ன காரியம் பண்றே நீ!" என்று மகாதேவய்யர் பதறினார்.

சுப்பராமன் கொஞ்ச நேரம் அந்தச் சித்திரத்தை மனசுக்குள் பார்த்தார் போலிருக்கிறது. சட்டென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி முகம்தான் சிரித்தது. வயிறு முழுக்கக் குலுங்கியது. எல்லோரும் பயந்துபோனோம். மூச்சு வாங்கி அடங்கிய பிறகு இடது கையால் அண்ணனை அருகே கூப்பிட்டார்.

"அண்ணா... நேக்குப் பிள்ளை இல்லையே. யார் குடம் எடுப்பான்னு... படுத்த நாள்லேருந்து... அதே யோசனை."

"டேய், அபசகுனமாப் பேசாதேடா."

"இல்லேண்ணா." கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. "நன்னா... எடுத்துண்டு வந்தாளோ?"

மகாதேவய்யர் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். மேல்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கடைசியில், "எடுத்துண்டு வந்தாடா. நன்னா எடுத்துண்டு வந்தா" என்றார்.

"அப்போ... போறும். படிக்கட்டும்."

பங்கஜாக்ஷியம்மா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோமதியின் அம்மா காப்பி கொடுத்தார், குடித்தோம். திரும்பி வரும்போது கிழக்கேகோட்டை பஸ் கூட்டத்தில் பங்கஜாக்ஷியம்மா நின்று, "இனி அடியில மட்டும் ஓட்டை போட்டால் மதி, ஞானம். வேர் அழுகுமெங்கில் அழுகட்டே" என்றார். செடிகளைப் புதுச் சட்டிகளுக்கு மாற்றினோம்; சொன்னபடியே அந்த மழைக்குச் சில செடிகள் அழுகிப்போயின.

கோமதி திங்கட்கிழமை வந்தாள். வந்ததும் மண்ணுக்குத்தான் போனாள். அப்பா கேட்டாராம்: ஓட்டை இல்லாமல் ஒன்று, குடிதண்ணீர் வைத்துக்கொள்ள. இந்த முறை என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. தானே மண்ணை மிதித்தாள், தானே கல் பொறுக்கினாள், தட்டித் தட்டி வயிற்றை உருட்டினாள். வெந்த பிறகு அதைத் தூக்கிப் போக மகாதேவய்யரே பள்ளிக்கு வந்தார். குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கட்டிலின் தலைமாட்டில் அது இருந்தது. சுப்பராமன் அதிலிருந்துதான் தண்ணீர் குடித்தார். எதற்கென்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கோமதி பத்தாவது பாஸ் செய்து ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். அந்தப் பயிற்சி முடிகிற வருடம் அவள் அப்பா காலமானார். செய்தி வந்ததும் பங்கஜாக்ஷியம்மாவும் நானும் போனோம். அவர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார்.

வாசலில் எல்லாம் தயாராக இருந்தது. சாஸ்திரிகள் கடையில் வாங்கிய குடத்தை மகாதேவய்யரின் மகனிடம் எடுத்துக் கொடுக்கப் போனார். மகாதேவய்யர் தடுத்தார். உள்ளே போய்த் தலைமாட்டில் இருந்த குடத்தைக் கொண்டுவந்தார். "புதுக் குடமாக்கும் வேணும், புழங்கினது எடுக்கப்படாது" என்றார் சாஸ்திரிகள். "இது அவன் குடிச்ச குடம். அவன் கேட்டு வாங்கின குடம். இதுதான்" என்றார் மகாதேவய்யர். சாஸ்திரிகள் கடைக் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

பெண்கள் நின்ற பக்கம் திரும்பி, "கோமு, இங்கே வா" என்று கூப்பிட்டார். அவள் வந்தாள். குடத்தில் தண்ணீர் நிரப்பி அவள் இடது தோளில் அவரே வைத்தார். தெருமுனை வரை அவள், அதற்கு மேல் தன் மகன் என்று சொன்னார். தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். கோமதி வாசற்படியைத் தாண்டாமல் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் அவளுடைய தோளிலிருந்த குடத்தை ஒருமுறை சரி செய்தார்.

"மெதுவாப் போ, குழந்தே. இன்னிக்கு நான் கத்த மாட்டேன்."